துக்கத்துக்கு ஒரு தேதி

ஆவ் 9

யூதர்களின் இந்த நோன்பு நாளில், மாலை இருட்டத் தொடங்கியதும் ஜெப ஆலயத்தின் விளக்குகளில் பெரும்பாலானவற்றை அணைத்துவிடுகிறார்கள். தோராச் சுருள்கள் இருக்கும் பேழையின் திரையைக் கழற்றி வைத்துவிடுவது பல ஊர்களில் வழக்கம். வந்தவர்கள் நாற்காலியில் உட்காருவதில்லை. தரையிலோ குட்டை முக்காலியிலோதான் உட்காருகிறார்கள். காலில் தோல் செருப்பு இல்லை. ஒருவரையொருவர் பார்த்து முகமன் கூறுவதும் இல்லை. மெழுகுவத்தி வெளிச்சத்தில் ஒருவர் புலம்பல் நூலை வாசிக்கிறார். வருடத்தில் அந்த ஒரு நாளுக்கென்றே ஒரு ராகம் இருக்கிறது. நூலின் கடைசி வசனம் கடுமையானது. அதோடு நிறுத்த மனமில்லாமல், அதற்கு முந்தைய வசனத்தை எல்லாரும் சேர்ந்து இன்னொருமுறை சொல்லி முடிக்கிறார்கள்.

ஐந்து அதிகாரங்கள். முதல் நான்கும் எபிரேய எழுத்து வரிசைப்படி நடக்கின்றன, முதல் எழுத்திலிருந்து இருபத்திரண்டாம் எழுத்துவரை. மூன்றாம் அதிகாரத்தில் ஒவ்வோர் எழுத்துக்கும் மூன்று வசனங்கள். ஐந்தாவதிலும் 22 வசனங்கள் உண்டு, ஆனால் எழுத்து வரிசை இல்லை. அழுகையை எழுத்துகளின்மேல் அடுக்கிக்கொண்டே வந்தவருக்குக் கடைசியில் அந்த ஒழுங்கும் கைநழுவிப் போயிற்று என்றே நான் வாசிக்கிறேன்.

எருசலேமின் முதல் ஆலயத்தைப் பாபிலோனியர் கி.மு. 586இல் எரித்தார்கள். எந்தத் தேதியில்? இராஜாக்களின் இரண்டாம் புத்தகம் ஐந்தாம் மாதம், அதாவது ஆவ் மாதம், ஏழாம் தேதி என்கிறது. எரேமியாவின் புத்தகம் பத்தாம் தேதி என்கிறது. ஒன்பது என்பது இரண்டிலுமே இல்லை. யூதச் சட்ட விவாதங்களின் தொகுப்பான தால்முத் இரண்டையும் இணைத்துப் பார்க்கிறது: ஏழாம் தேதி பகைவர் உள்ளே நுழைந்தார்கள், ஒன்பதாம் தேதி சாயும் வேளையில் தீ வைத்தார்கள், பத்தாம் தேதி முழுக்க எரிந்தது. தான் அந்தத் தலைமுறையில் இருந்திருந்தால் நோன்பைப் பத்தாம் தேதிக்கே வைத்திருப்பேன் என்று ரபி யோகனான் சொன்னதும் அங்கே பதிவாகியிருக்கிறது. கட்டடத்தின் பெரும்பகுதி எரிந்தது அன்றுதான் என்பது அவர் நியாயம். மற்றவர்கள் ஒப்பவில்லை. துன்பம் தொடங்கிய வேளையைத்தான் குறிக்க வேண்டும் என்றார்கள். ஆனாலும் யோகனானின் கட்சி அடியோடு தோற்றுவிடவில்லை. நோன்பு முடிந்த பிறகும், பத்தாம் தேதி நண்பகல்வரை இறைச்சியும் திராட்சை மதுவும் தொடாத வழக்கம் இன்றும் இருக்கிறது. அங்கே தீ இன்னும் எரிந்துகொண்டிருக்கிறது என்பதுதான் காரணம்.

பெரிய அழிவு எதற்கும் ஒற்றைத் தேதி அமைவதில்லை. தொடக்கத்தைக் குறிப்பதா, உச்சத்தைக் குறிப்பதா என்பதைப் பிழைத்து நின்றவர்கள்தான் உட்கார்ந்து தீர்மானிக்க வேண்டியிருக்கிறது.

தால்முத்துக்கு அடிப்படையான பழைய சட்டத் தொகுப்பு மிஷ்னா. அது இந்த ஒரு தேதியின்மேல் ஐந்து துன்பங்களை வைக்கிறது. பாலைவனத்தில் அலைந்த தலைமுறை வாக்களிக்கப்பட்ட நாட்டைக் காணாது என்ற தீர்ப்பு, முதல் ஆலயத்தின் அழிவு, கி.பி. 70இல் ரோமர் கையால் இரண்டாம் ஆலயத்தின் அழிவு; ரோமருக்கு எதிரான பார் கோக்பா கிளர்ச்சியின் கடைசிக் கோட்டையான பெத்தார் வீழ்ந்தது; எருசலேம் ஏர் பூட்டி உழப்பட்டது. பின்னால் வந்தவையும் இங்கேயே வந்து சேர்ந்தன. 1242இல் பாரிஸில் தால்முத் கையெழுத்துப் பிரதிகளை வண்டி வண்டியாகக் கொண்டுவந்து எரித்தார்கள். ரோதன்பர்க் ரபி மெயிர் அதற்கு எழுதிய ஒப்பாரி ஆவ் 9 அன்று ஓதப்படுகிறது. 1492இல் யூதர்கள் ஸ்பெயினை விட்டு வெளியேறக் கொடுத்த கெடு ஜூலை மாதக் கடைசி. அந்த ஆண்டு ஆவ் 9 வந்தது ஆகஸ்ட் 2இல். ஓரிரு நாள் வித்தியாசத்தை மக்கள் பொருட்படுத்தவில்லை. வெளியேற்றமும் ஆவ் 9இன் கணக்கில் ஏறிவிட்டது. வரலாற்றாசிரியர் இதைத் திருத்தலாம், திருத்தவும் வேண்டும். ஆனால் சொந்த ஊரைவிட்டு மூட்டையோடு கிளம்பியவர்கள் அந்த வாரத்தில் தரையில் உட்கார்ந்து புலம்பல் வாசித்திருப்பார்கள் என்பதை நினைக்கும்போது, அவர்கள் இரண்டையும் பிரித்துப் பார்த்திருக்க வழியே இல்லை என்று தோன்றுகிறது.

1096இல் முதல் சிலுவைப்போர்க் கூட்டம் ரைன் நதிக்கரை ஊர்களான வோர்ம்ஸிலும் மைன்ஸிலும் யூதர்களைக் கொன்றபோது நடந்தது வேறு. அந்தக் கொலைகள் நடந்தவை வசந்த காலத்தில், ஆவ் மாதத்துக்கு முன்பே. தேதிகள் தெளிவாகத் தெரியும். ஆனால் அதற்கான ஒப்பாரிகளில் ஒன்று, அழிவுக்கும் எரிப்புக்கும் புதிய நாள் ஒன்றைக் கூட்டலாகாது என்றும், அதனால் இந்தத் துக்கத்தை ஆவ் 9 வரை தள்ளிவைத்து அழுகிறோம் என்றும் காரணம் சொல்லியே அழுகிறது. நாட்காட்டியில் இடம் குறைவு. புதுத் துக்கம் பழைய துக்கத்தின் பக்கத்தில் உட்கார்ந்துகொள்ள வேண்டியதுதான். இந்த முடிவின் கடுமையும் கனிவும் எனக்கு ஒன்றாகவே படுகின்றன. சொந்தப் பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்களை, நீங்கள் காத்திருங்கள் என்று அது சொல்லிற்று. வருடா வருடம் தனியே அழ விடமாட்டோம் என்றும் சொல்லிற்று.

கிஸ்லேவ் 4

கி.மு. 518. பாபிலோனிலிருந்து திரும்பியவர்கள் எருசலேமில் மறுபடி ஆலயம் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். பாரசீக அரசன் தரியுவின் நான்காம் ஆண்டு, கிஸ்லேவ் மாதம் நாலாம் தேதி. பெத்தேலிலிருந்து வந்த சிலர் ஆசாரியர்களையும் தீர்க்கதரிசிகளையும் பார்த்து ஒன்று கேட்கிறார்கள். இத்தனை வருடங்களாக ஐந்தாம் மாதத்தில் அழுது நோன்பிருந்து வந்தோமே, இனிமேலும் அப்படிச் செய்ய வேண்டுமா?

ஒரு நினைவு நாளை எப்போது நிறுத்தலாம் என்பதற்கு நான் அறிந்தவரை மிகப் பழைய கேள்வி இது. கேட்டவர்கள் அலட்சியக்காரர்கள் அல்ல. அலட்சியக்காரர்கள் கேட்டுக்கொண்டு வரமாட்டார்கள், சும்மா நிறுத்திவிடுவார்கள்.

தீர்க்கதரிசி சகரியா ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. நீங்கள் நோன்பிருந்தது யாருக்காக என்று முதலில் திருப்பிக் கேட்கிறார். விதவையை, திக்கற்ற பிள்ளையை, அந்நியனை, ஏழையை ஒடுக்காதிருக்கச் சொல்கிறார். அதற்குப் பிறகு, நான்கு மாதங்களின் நோன்புகளும் ஒருநாள் மகிழ்ச்சியின் நாள்களாகும் என்கிறார். கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே அவர் அத்தனை தூரம் போய் வருவதை நான் விரும்பிப் படிப்பேன். அழுகை தொடர வேண்டுமா என்பதை அழுதவர்களின் நடத்தையோடு சேர்த்து முடிச்சுப் போட்டுவிட்டார்.

திஷ்ரி 3, ஹெஷ்வான் 12

எபிரேய நாள் சூரியன் மறைந்ததும் தொடங்குகிறது. மாதம் நிலவைப் பின்பற்றுகிறது. பன்னிரண்டு நிலவு மாதங்கள் சேர்ந்தால் சுமார் 354 நாள்தான் வரும். பஸ்கா வசந்தத்தைவிட்டு நகர்ந்துவிடாமலிருக்க 19 ஆண்டுகளில் ஏழு முறை ஒரு மாதம் கூடுதலாகச் சேர்க்கிறார்கள். பஞ்சாங்கத்தில் திதி பார்த்துத் திவசம் கொடுக்கும் வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சுவரில் தொங்கும் ஆங்கிலக் காலண்டரில் அப்பாவின் நாள் வருடா வருடம் இடம் மாறும், நிலவின் கணக்கில் மாறாது.

திஷ்ரி 3 கெதலியாவின் நோன்பு. முதல் ஆலயம் எரிந்த பிறகு, நாட்டில் மிஞ்சிய ஏழை எளியவர்களுக்குப் பாபிலோனியர் நியமித்த ஆளுநர் கெதலியா. மிஸ்பாவில், சாப்பாட்டு வேளையில், அரச குலத்தைச் சேர்ந்த இஸ்மவேல் என்பவன் அவரைக் கொன்றான். முன்கூட்டியே எச்சரிக்கை வந்தது, கெதலியா நம்பவில்லை. யூதனை யூதன் கொன்ற அந்த நாளுக்கும் ஒரு நோன்பு வைத்தார்கள். பகைவர் செய்ததை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு தம்மவர் செய்ததை மறந்துவிடுவது எந்தச் சமூகத்துக்கும் எளிது. இவர்கள் அப்படிச் செய்யவில்லை என்பதற்காக இந்தச் சிறிய நோன்பின்மேல் எனக்குப் பெரிய மரியாதை.

1995 நவம்பர் 4, சனிக்கிழமை இரவு, டெல் அவிவில் சமாதானக் கூட்டம் முடிந்து இறங்கி வந்த இஸ்ரேல் பிரதமர் இட்சாக் ரபீனை யூத இளைஞன் ஒருவன் சுட்டுக் கொன்றான். இருட்டிவிட்டதால் எபிரேயக் கணக்கில் அடுத்த நாள் பிறந்துவிட்டிருந்தது. அவருடைய நினைவு நாள் ஹெஷ்வான் 12. கெதலியாவின் நாளோடு அதைச் சேர்த்துப் பேசியவர்கள் பலர். ஆனால் சேர்த்து வைக்கவில்லை, தனியாகவே நிற்கிறது.

ஆதார் 13

இன்று இது எஸ்தரின் நோன்பு. மறுநாள் பூரிம், அழிவிலிருந்து தப்பியதைக் கொண்டாடும், ஆட்டமும் விருந்தும் வேடமும் நிறைந்த நாள். அதற்கு முன் ஒரு பகல் பட்டினி.

இதே தேதி ஒரு காலத்தில் நோன்பு தடைசெய்யப்பட்ட கொண்டாட்ட நாளாக இருந்தது. கி.மு. 161இல் செலூக்கியத் தளபதி நிக்கானோரை யூதா மக்கபே முறியடித்தது ஆதார் 13இல். அந்த வெற்றியை ஆண்டுதோறும் கொண்டாட வேண்டும் என்று விதித்தார்கள். முதலாம் நூற்றாண்டையொட்டி அரமேய மொழியில் தொகுக்கப்பட்ட ஒரு பட்டியலில் இப்படிப்பட்ட மகிழ்ச்சி நாள்கள் சுமார் முப்பத்தைந்து இருக்கின்றன: ஒரு கோட்டை பிடிபட்ட நாள், ஒரு கொடிய ஆணை ரத்தான நாள், ஒரு படை பின்வாங்கிய நாள். அந்நாள்களில் யாரும் நோன்பிருக்கக் கூடாது. ஆலயம் இடிந்த பிறகு அந்தப் பட்டியல் செல்லாது என்றாயிற்று. ஹனுக்காவும் பூரிமும் மட்டும் தங்கின. நிக்கானோர் நாள் நினைவிலிருந்தே போய், சில நூற்றாண்டுகள் கழித்து அதே இடத்தில் ஒரு நோன்பு வந்து அமர்ந்தது.

இது பற்றித் தால்முத்தில் ரபான் சிமியோன் பென் கமலியேல் சொன்னதாக ஒரு கருத்து உண்டு. முன்னோரைப் போலவே தமக்கும் துன்பத்திலிருந்து மீண்ட நாள்கள் பிரியமானவைதாம். ஆனால் எழுத உட்கார்ந்தால் எழுதித் தீராது என்கிறார். மீட்சிகளே அத்தனை என்றால் துன்பங்கள் எத்தனை என்று கணக்கிடாமல் இதைக் கடக்க என்னால் முடிவதில்லை.

எழுதித் தீராது என்று தெரிந்தும் ஊர்கள் எழுதிக்கொண்டுதான் இருந்தன. 1524இல் கலகம் செய்த ஆளுநரிடமிருந்து தப்பிய கெய்ரோ யூதர்கள் ஆதார் 28ஐத் தங்கள் சொந்தப் பூரிமாக வைத்தார்கள். 1614இல் கலவரக் கும்பலால் சூறையாடப்பட்டு விரட்டப்பட்ட ஃபிராங்க்ஃபர்ட் யூதர்கள் 1616இல் காவலோடு ஊர் திரும்பியது ஆதார் 20இல். அதுவும் ஒரு பூரிம் ஆயிற்று. ஊர் இருக்கும்வரை இந்த நாள்கள் இருந்தன.

சீவான் 20

இந்தத் தேதியிடம்தான் நான் அடிக்கடி திரும்பி வருகிறேன்.

1171. பிரான்சின் புளுவா நகரம். யூதர்கள் ஒரு கிறிஸ்தவக் குழந்தையைக் கொன்று ஆற்றில் வீசினார்கள் என்று குற்றச்சாட்டு. பிணம் இல்லை, காணாமற்போன குழந்தை என்று யாரும் இல்லை. முப்பதுக்கும் மேற்பட்ட யூதர்களைப் பிரபு தியோபால்ட் எரித்துக் கொன்றான். செய்தி கேட்ட ரபேனு தாம், அக்காலத்தின் மிகப் பெரிய அறிஞர், சீவான் 20ஐ நோன்பு நாளாக வைத்தார் என்று எபிரேயக் குறிப்பு ஒன்று சொல்கிறது. புதிய நாள் கூட்டலாகாது என்று ரைன் நதிக்கரையின் ஒப்பாரி சொல்லியிருந்தும், இங்கே ஒரு நாள் கூடிவிட்டது. எண்ணிக்கையில் 1096இன் கொலைகள் எத்தனையோ மடங்கு பெரியவை. ஆனால் புளுவாவில் நடந்தது வேறு வகை ஆபத்து: நடக்காத ஒன்றுக்காகச் சட்டத்தின் பெயரால் எரித்தார்கள். இனி எந்த ஊரிலும் எந்த வசந்தத்திலும் இது நடக்கலாம் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

1648. இன்றைய உக்ரைனிலுள்ள நெமிரோவ். கெமெல்னித்ஸ்கியின் எழுச்சியில் கொசாக் படைகள் ஊருக்குள் புகுந்தன. ஆயிரக்கணக்கில் யூதர்கள் கொல்லப்பட்டதாக அக்காலத்து எபிரேய வரலாற்று நூல் சொல்கிறது. அந்த நாளும் சீவான் 20. தேதி தானாகவே வந்து பொருந்திற்று. 1650இல் போலந்து யூதர்களின் தலைமை அமைப்பான நான்கு நாடுகளின் சபை சீவான் 20ஐ எல்லாருக்குமான நோன்பாக்கிற்று. ஓத என்ன ஓதுவது? அப்போது கிராக்கோவில் ரபியாக இருந்தவர் யோம் தோவ் லிப்மன் ஹெல்லர். அவர் புளுவாவுக்காக எழுதப்பட்ட பழைய மன்றாட்டுகளையே எடுத்துக் கொடுத்தார். இப்போது நடந்ததும் அப்போது நடந்ததும் ஒன்றே என்பது அவர் நிலை. கிட்டத்தட்ட ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் வேறொரு நாட்டில் எரிந்தவர்களுக்காக எழுதிய சொற்கள் நெமிரோவில் வெட்டுண்டவர்களுக்காக ஓதப்பட்டன.

ஹெல்லர் அந்த ஊரை அறியாதவர் அல்லர். 1630களின் தொடக்கத்தில் அவரே நெமிரோவில் ரபியாக இருந்தவர். யார் வீட்டில் எந்தப் பிள்ளை பிறந்தது என்று தெரிந்த ஊர். அப்படிப்பட்டவர் தாமே புதிதாக ஓர் ஒப்பாரி எழுதியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவரும் சில எழுதினார். ஆனால் நோன்பின் நடுவில் பழையவற்றையே வைத்தார். இந்தத் தன்னடக்கத்தை நான் புரிந்துகொண்டுவிட்டேன் என்று சொல்ல மாட்டேன். அதன் எதிரே நிற்கிறேன், அவ்வளவுதான்.

1944. ஹங்கேரி. மே மாத நடுவிலிருந்து ஜூலை 9 வரை எட்டு வாரங்களுக்குள் 4,37,000 யூதர்களை ரயில் ஏற்றினார்கள். ஏறக்குறைய எல்லா ரயில்களும் ஆஷ்விட்ஸுக்குப் போயின. அந்த எட்டு வாரங்களின் நடுவில் சீவான் 20 வந்தது, ஜூன் 11. போர் முடிந்ததும் ஹங்கேரியின் ரபிகள் அந்தத் தேதியைத் தங்கள் இறந்தவர்களுக்காக மறுபடி எழுப்பினார்கள். போலந்திலும் உக்ரைனிலும் அதைக் கடைப்பிடித்து வந்த சமூகங்களே அழிந்துபோயிருந்ததால், அதற்குள் அந்த நோன்பு பெரும்பாலும் ஆளில்லாமல் கிடந்தது.

தம்மூஸ் 5

ஹெல்லரைப் பற்றி இன்னும் கொஞ்சம். 1629இல் அவர் பிராகாவில் ரபி. தம்மூஸ் 5 அன்று அவரைக் கைதுசெய்ய ஆணை வந்தது, வியன்னாவுக்குக் கொண்டுபோனார்கள். அவருடைய நூல்களில் கிறிஸ்தவ மதத்தை இழிவுபடுத்தினார் என்பது குற்றச்சாட்டு. நாற்பது நாள் சிறை, பெருந்தொகை அபராதம், பிராகாவில் பதவி போயிற்று. பதினான்கு ஆண்டுகளுக்கு மேல் ஊர் ஊராகப் போனபின் கிராக்கோவில் ஆதார் மாதப் பிறப்பன்று பழைய கௌரவத்தோடு அமர்ந்தார். தன் பிள்ளைகளும் வழித்தோன்றல்களும் தம்மூஸ் 5இல் நோன்பிருக்க வேண்டும், ஆதார் 1இல் மகிழ வேண்டும் என்று எழுதிவைத்தார்.

சமூகம் முழுவதற்கும் பழைய சொற்களையே கொடுத்தவர் தன் வீட்டுக்கு மட்டும் புதிய இரண்டு நாள்களை வைத்தார். வீட்டில் இடம் உண்டு என்று கருதினாரோ என்னவோ. அவருடைய சந்ததியாரில் சிலர் இன்றும் அந்த நாள்களைக் கடைப்பிடிக்கிறார்கள்.

நிசான் 27

வார்சா கெட்டோவின் எழுச்சி தொடங்கியது 1943 ஏப்ரல் 19, நிசான் 14, பஸ்காவுக்கு முந்தின நாள். இஸ்ரேல் நாடாளுமன்றம் யூதப் பேரழிவுக்கு நினைவு நாள் தேடியபோது பலர் அந்தத் தேதியைக் கேட்டார்கள். ஆனால் பஸ்காவின் வாசலில் துக்கம் கூடாது. நிசான் மாதம் முழுவதுமே இரங்கலுரை ஆற்றக் கூடாத மாதம் என்பது பழைய முறை. பழைய நோன்பு நாள்களான ஆவ் 9இலோ தேபேத் 10இலோ சேர்த்துவிடலாம் என்றும் வாதம் இருந்தது. 1951இல் நிசான் 27 என்று முடிவாயிற்று: பஸ்கா முடிந்து ஒரு வாரம், போர்களில் இறந்தவர்களின் நாளுக்கு ஒரு வாரம் முன்பு. 1959இல் சட்டமாயிற்று. காலை பத்து மணிக்குச் சங்கு ஒலிக்கும். இரண்டு நிமிடம் நெடுஞ்சாலையில் வண்டிகள் நின்றுவிடும், ஓட்டியவர்கள் இறங்கி நிற்பார்கள்.

யாருக்கும் முழுத் திருப்தி தராத தேதி இது. வைதிகர் பலர் ஏற்கவில்லை. 1977இல் பிரதமரான மெனாகெம் பெகின் இதை ஆவ் 9க்கு மாற்றலாம் என்றார்; நடக்கவில்லை. எனக்கு இரண்டு பக்கத்தின் நியாயமும் தெரிகிறது. பேரழிவில் மாண்ட அறுபது லட்சம் பேரைப் பழைய நாளொன்றில் கொண்டுபோய்ச் சேர்த்தால் அவர்கள் அதற்குள் கரைந்துவிடுவார்கள் என்ற அச்சம் பொய்யானதல்ல. ஆனால் ஓத ஒப்பாரியும் இருக்க நோன்பும் இல்லாத ஒரு நாள், நேரில் கண்டவர்கள் போன பிறகு எதைப் பிடித்துக்கொண்டு நிற்கும் என்ற கேள்வியும் அப்படியே இருக்கிறது.

திஷ்ரி 24

2023 அக்டோபர் 7, திஷ்ரி 22. தோரா வாசிப்பின் வருடச் சுற்று முடிந்து, சுருள்களைத் தூக்கிக்கொண்டு ஆடும் பண்டிகை நாள். அன்று ஹமாஸ் தாக்குதலில் சுமார் 1,200 பேர் கொல்லப்பட்டார்கள். பண்டிகையில் பொதுத் துக்கம் கூடாது என்பதால் அரசு நினைவு நாளை இரண்டு நாள் தள்ளித் திஷ்ரி 24இல் வைத்தது. குடும்பங்களின் சொந்த நாளைத் தள்ள முடியாது. அது ஆட்டத்தின் நடுவிலேயே வருகிறது. அடுத்த ஆண்டு பல ஊர்களில் இறந்தவரின் பெயர் பொறித்த உறையைச் சுருளுக்குப் போர்த்தி, அதை ஏந்தி ஆடினார்கள்.

அதைத் தொடர்ந்த போரில் காசாவில் பல்லாயிரம் பாலஸ்தீனர் மாண்டார்கள், குழந்தைகள் ஏராளம். இயார் 5ஐ இஸ்ரேல் விடுதலை நாளாகக் கொண்டாட, அதே 1948இன் இழப்புக்காக மே 15ஐப் பாலஸ்தீனர் துக்க நாளாக வைத்திருக்கிறார்கள். அவர்களின் தேதிகளைக் குறிக்க வேண்டியவர்கள் அவர்கள்தாம். ஆனால் சகரியாவின் பதிலைப் படித்தவன் தன் பக்கத்து நாள்களை மட்டும் எண்ணிவிட்டு எழுந்துவிட முடியாது.

ஹெஷ்வான் 30

பெற்றோரின் நினைவு நாளை யார்சைட் என்கிறார்கள். முன்னிரவில் ஒரு விளக்கு ஏற்றுவார்கள். கண்ணாடிக் குவளையில் மெழுகு, இருபத்துநாலு மணிநேரம் எரியும். ஜெப ஆலயத்தில் கத்தீஷ் சொல்ல வேண்டும். அதற்குப் பத்துப் பேராவது கூட வேண்டும். கத்தீஷில் சாவைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை, கடவுளின் பெயர் ஓங்கட்டும் என்பதே உள்ளடக்கம். பல ஜெப ஆலயங்களின் சுவரில் வெண்கலப் பலகை இருக்கும். வரிசை வரிசையாகப் பெயர்கள், எபிரேயத் தேதி, ஒவ்வொரு பெயரின் பக்கத்திலும் ஒரு குட்டி பல்பு. அந்த வாரத்தில் நாள் வரும் பெயர்களின் பல்பு மட்டும் எரியும்.

ஹெஷ்வான் மாதத்துக்குச் சில ஆண்டுகளில் 30 நாள், சில ஆண்டுகளில் 29. முப்பதாம் தேதி இறந்த தாய்க்கு, அந்தத் தேதியே இல்லாத ஆண்டில் என்று விளக்கேற்றுவது? 29ஆம் தேதி என்பார் உண்டு. முப்பதாம் நாள் அடுத்த மாதப் பிறப்பாகவும் கணக்கிடப்படுவதால் கிஸ்லேவ் முதல் தேதி என்பாரும் உண்டு. ஆதாரில் இறந்தவர்களுக்கு வேறு சிக்கல்: கூடுதல் மாத ஆண்டில் ஆதார் இரண்டு வரும். சட்ட அறிஞர்களில் யோசேப் காரோ இரண்டாவது என்றார், மோசே இஸர்லெஸ் முதலாவது என்றார், சிலர் இரண்டிலும் வைக்கிறார்கள். இந்தச் சின்னச் சின்ன விவாதங்களைச் சலிக்காமல் படிப்பேன். ஒருவருடைய நாள் விடுபட்டுப் போகக் கூடாது என்ற கவலைதான் இத்தனை பக்கங்களையும் எழுதவைத்திருக்கிறது.

தேபேத் 10

பாபிலோன் அரசன் நேபுகாத்நேச்சாரின் படை எருசலேமை முற்றுகையிட்ட நாள். பழைய நோன்பு, பகல் குறுகிய குளிர்காலத்தில் வரும்.

1940களின் இறுதியில் இஸ்ரேலின் தலைமை ரபிகள் இந்த நாளுக்கு இன்னொரு வேலையும் கொடுத்தார்கள். இறந்த தேதி தெரியாதவர்களுக்கு இதுவே பொது கத்தீஷ் நாள் என்றார்கள். முகாமிலோ, காட்டிலோ, குழியருகிலோ இறந்தவர்களுக்கு யார் தேதி குறித்து வைத்தார்கள்? எருசலேமிலுள்ள பேரழிவு நினைவகமான யாத் வாஷெமில் இருக்கும் சாட்சிப் படிவங்களில் பெயர், ஊர், தாய் தகப்பன் பெயர், தொழில் என்று கட்டங்கள் உண்டு. இறந்த தேதிக்கும் ஒரு கட்டம் உண்டு. பலவற்றில் அங்கே வெறும் ஆண்டு மட்டும்: 1942. சிலவற்றில் அதுவும் இல்லை.

எல்லாரும் தேபேத் 10ஐ எடுத்துக்கொள்ளவில்லை. கடைசிக் கடிதம் வந்த தேதியை வைத்துக்கொண்டவர்கள் உண்டு. ரயில் கிளம்பிய தேதியை வைத்துக்கொண்டவர்கள் உண்டு. அதற்கும் சட்டத்தில் இடம் இருந்தது. ராதூன் ஊர் ரபி இஸ்ரேல் மெயிர் ககன் 1907இல் எழுதி முடித்த மிஷ்னா பெரூரா, தகப்பன் இறந்த நாள் தெரியாதவன் ஒரு நாளைத் தானே தேர்ந்துகொள்ளலாம் என்கிறது. கூடவே ஒரு நிபந்தனை. கத்தீஷ் சொல்வதில் மற்றவர்களின் உரிமையில் அவன் குறுக்கிடக் கூடாது. அக்காலத்தில் பல ஊர்களில் ஒவ்வொரு கத்தீஷையும் துக்கக்காரர் ஒருவர்தான் முறைவைத்துச் சொல்வார். உண்மையான தேதி உள்ளவருக்கே முதல் உரிமை. தேர்ந்துகொண்ட தேதிக்காரர் காத்திருக்க வேண்டும்.

இந்த விதி, ஊரில் ஒருவர் இருவருக்குத் தேதி தெரியாமற்போகும் உலகத்துக்காக எழுதியது. 1945க்குப் பிறகு ஜெப ஆலயம் நிறையத் தேதி தெரியாதவர்கள் இருந்தார்கள். தேபேத் 10 அன்று யாரும் யாருக்கும் முறை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. எல்லாரும் ஒன்றாகவே சொல்கிறார்கள்.